விரட்டப்படாதவர்களின் நோய்: டோம்பிவிலியிலிருந்து முடக்குவாதத்தின் வரலாற்றை வாசித்தல்

கல்யாணுக்கும் டோம்பிவிலிக்கும் இடையே ரயில் பாதைகளின் மேலாகச் செல்லும் பாலத்துக்குப் பத்ரிபூல் என்று பெயர். பிரிட்டிஷ் காலத்து இரும்புப் பாலம் 2018 நவம்பரில் அகற்றப்பட்டது; புதிய பாலம் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாலத்தை அடுத்துள்ள அனுமான் நகரில், தொழுநோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல்லாண்டுகளாகச் சேர்ந்து வாழ்கின்றன. அவர்களுக்காக உழைத்த முன்னாள் கடற்படை வீரர் கஜானன் மானேவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோதுதான் அக்குடியிருப்பின் பெயரை மும்பைத் தமிழர்களில் பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்டிருப்பர்.

தொழுநோயைப் பற்றியதல்ல இப்பதிவு. முடக்குவாதம் என்று மருத்துவர்களும், சரவாங்கி என்று ஊர்ப்பெரியவர்களும் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸைப் பற்றியது. அந்நோயுற்றோர் ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்த வரலாற்றைப் பற்றியது. எனினும் அனுமான் நகரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இரு நோய்களுமே கையைக் கோணலாக்குபவை. ஒன்றுக்கு முகவரி இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை. அது ஏன் என்பதே என் கேள்வி.

பம்பாயில் நோயாளிகளின் கூட்டுவாழ்வு விருப்பத்தால் பிறந்ததன்று. 1890-இல் மாநகராட்சி ஆணையராக இருந்த ஹாரி ஆக்வர்த், தெருக்களில் இரந்து திரிந்த தொழுநோயாளிகளை அகற்றும் நோக்கில், மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளிகளுக்கான விடுதியை அமைத்தார். இன்று வடாலாவில் அவர் பெயரால் இயங்கும் மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. நகரின் விளிம்பாக இருந்த அந்நிலத்தைச் சுற்றிப் பின்னாளில் தென்னிந்தியர்களின் மாட்டுங்கா வளர்ந்தது என்பதை நம் குடியேற்ற வரலாறுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. காப்பிக்கடைகளையும் சங்கீத சபைகளையும் எழுதுகிறோம். விடுதியின் மதிற்சுவரை எழுதுவதில்லை. 1898-இல் தொழுநோயாளிகள் சட்டம் வந்து, பிடித்து அடைப்பதற்கு இந்தியா முழுவதும் சட்டவடிவம் தந்தது. அச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது.

அடைத்துவைத்தவர்கள் எதிர்பாராத விளைவும் ஒன்று நேர்ந்தது. அடைக்கப்பட்டோர் ஒருவரையொருவர் அறிந்தனர், தமக்குள் மணம் முடித்தனர், குடியிருப்புகளை எழுப்பினர், நாளடைவில் தமக்காகப் பேசவும் செய்தனர். 1976-இல் மருத்துவர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம் தாராவியின் சந்துகளுக்குள் சிகிச்சையைக் கொண்டுசென்றது. தொழுநோயிலிருந்து மீண்டவரான ஈரோட்டு பி. கே. கோபால் 1994-இல் உருவான ஐடியா என்னும் பன்னாட்டு அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். 2012-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து நீக்கிய 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பின்னணியில் இத்தகைய அமைப்புகளின் நெடுங்காலக் குரல் இருக்கிறது. சமூகம் விரட்டியதால் அவர்கள் ஓரிடத்தில் சேர்ந்தனர். சேர்ந்திருந்ததால் பேச முடிந்தது. இது மகிழ்ச்சியான வரலாறு அல்ல. ஆனாலும் வரலாறு இப்படித்தான் நடந்தது.

முடக்குவாதக்காரரை எவரும் விரட்டவில்லை. அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பெரும்பாலும் அவர் பெண்; ஆண் ஒருவருக்குப் பெண் இருவர் மூவர் என்பது உலகெங்கும் காணப்படும் விகிதம். நோய் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது வீடும் வேலையும் அவர் கையையே நம்பியிருக்கும் காலத்தில் தொடங்குகிறது. விரல் அடிமூட்டுகளும் மணிக்கட்டும் வீங்குகின்றன; காலையில் கை மடங்க மறுக்கிறது; உருத்திரிவு வெளியே தெரிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அவர் பிறர் கண்ணுக்கு நலமானவர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைகளைச் செய்த பால் பிராண்ட், அக்கைகள் சிதைவதற்குப் பெருங்காரணம் வலியுணர்வு இல்லாமையே என்று காட்டினார். சுடுவது தெரியாததால் சுட்டுக்கொண்ட கைகள் அவை. முடக்குவாதம் இதற்கு நேர்மாறானது. இங்கே வலி முதலில் வருகிறது, சிதைவு பின்னால் வருகிறது. தொழுநோயில் பிறர் கண்டு அஞ்சும் அடையாளம் உண்டு, வலி குறைவு. முடக்குவாதத்தில் வலி மிகுதி, சான்று குறைவு. சான்றில்லாத வலியை உடையவர் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லி நிறுவவேண்டியிருக்கிறது.

சொல்லி நிறுவுவதற்குச் சொல் வேண்டும். தமிழில் வாதம் என்னும் சொல் பக்கவாதத்தையும் இளம்பிள்ளை வாதத்தையும் முடக்குவாதத்தையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவருகிறது. யூகி வைத்திய சிந்தாமணி வாதநோய்களை எண்பதாக வகுக்கிறது. அவற்றுள் உதிர வாத சுரோணிதம் என்பதையே இன்றைய சித்த மருத்துவர்கள் முடக்குவாதத்தோடு பொருத்துகின்றனர். வடமொழி மரபில் மாதவ நிதானம் ஆமவாதத்தைத் தனி நோயாக ஒரு அத்தியாயத்தில் விவரிக்கிறது. மராட்டிய வழக்கில் சந்திவாத் பொதுவான மூட்டுநோய், ஆம்வாத் இந்நோய். ஆக, டோம்பிவிலித் தமிழ்ப்பெண் ஒருவர் வீட்டில் மூட்டுவலி என்றும், அண்டைவீட்டு மராட்டியப் பெண்ணிடம் சந்திவாத் என்றும், மருத்துவமனைச் சீட்டில் ஆர்.ஏ. என்றும் ஒரே நோயை மூன்று பெயரால் சுமக்கிறார். முதல் இரண்டு பெயர்களுக்கும் கிடைக்கும் விடை ஒன்றே: வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே! முப்பத்தைந்து வயதில் அவ்விடையைக் கேட்பதன் கசப்பு தனி.

எண்ணிக்கை சிறிதன்று. புணே மாவட்டத்துப் பிக்வன் கிராமத்தில் 1996-இல் மருத்துவர் அரவிந்த் சோப்ராவின் குழு வீடுவீடாகச் சென்று நடத்திய ஆய்வு, வளர்ந்தோரிடையே இந்நோயின் அளவைச் சுமார் அரை விழுக்காடு எனக் கண்டது. டெல்லிக்கு அருகிலுள்ள கிராமங்களில் மாளவியா குழுவினர் 1993-இல் வெளியிட்ட கணக்கு 0.75 விழுக்காடு. கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சியின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 12.5 லட்சம். கிராமத்து விகிதங்களுள் குறைந்ததையே இங்குப் பொருத்திப் பார்த்தாலும், அம்மாநகரில் மட்டும் சில ஆயிரம் பேர் இந்நோயோடு வாழ்கின்றனர் என்றாகிறது. அனுமான் நகர் போன்ற ஒரு குடியிருப்பை நிரப்பக்கூடிய எண்ணிக்கை இது. அவர்களோ அடுக்ககம் அடுக்ககமாகச் சிதறியிருக்கிறார்கள். ஒரே கட்டடத்தின் இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் இருவர் இருந்தாலும் ஒருவரை மற்றவர் அறிய வழியில்லை.

இந்நோயைத் தனித்து அறிந்த நவீன மருத்துவத்தின் முதல் ஏடும் இதே உண்மையை வேறு வகையில் உறுதிசெய்கிறது. 1800-இல் பாரிஸில் லாந்த்ரே-போவே என்னும் இளம் மருத்துவர் தம் ஆய்வேட்டில் ஒன்பது பெண்களின் நோயை விவரித்தார். செல்வர்க்கும் ஆடவர்க்கும் வருவதாகக் கருதப்பட்ட கௌட் நோயினின்று இது வேறானது, ஏழைகளையும் பெண்களையும் மிகுதியாகத் தாக்குவது என்றார். அவர் பணிபுரிந்த இடம் சால்பெத்ரியேர்: வறிய, முதிய, கைவிடப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த பெருவிடுதி. ஒன்பது பெண்களை அருகருகே கிடத்திப் பார்க்க முடிந்ததால்தான் அவர்களது நோய் ஒன்றே என்பது தெரிந்தது. வீட்டு மூலைகளில் தனித்தனியே இருந்திருந்தால் அவர்கள் ஒன்பது கிழவிகளாகவே இருந்திருப்பர். 1859-இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட் இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். மருத்துவ வரலாற்றுப் பாடநூல்களில் இவ்விருவர் பெயரும் உண்டு. அந்த ஒன்பது பெண்களின் பெயர் இல்லை.

அடுத்த நூற்றாண்டின் பெருங்கண்டுபிடிப்பும் நோயாளிகளின் வாய்மொழியிலிருந்து முளைத்ததே. 1929-இல் மேயோ மருத்துவமனையில், தமக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மூட்டுவலி அடங்கியதாக ஒரு நோயாளி சொன்னதை ஃபிலிப் ஹென்ச் புறந்தள்ளவில்லை. கருவுற்ற காலத்தில் வலி நீங்குவதாகப் பெண்கள் சொன்னதையும் அவர் தொகுத்தார். வலியை அடக்கும் ஏதோவொரு பொருள் உடலுக்குள்ளேயே சுரக்கிறது என்ற அவரது ஊகம் 1948 செப்டம்பரில் கார்டிசோனாக மெய்யாயிற்று; 1950-இல் நோபல் பரிசு வந்தது. முதல் ஊசியைப் பெற்ற இருபத்தொன்பது வயதுப் பெண் மருத்துவ வரலாற்றில் ‘திருமதி ஜி’ என்னும் ஓரெழுத்தாகவே நெடுங்காலம் வாழ்ந்தார்.

அதே 1948-இல், ஆகஸ்டில், நியூயார்க்கில் எல்லாப்பிரகட சுப்பாராவ் மறைந்தார். பீமவரத்தில் 1895-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை அணிந்ததற்காகப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் பெறாமற்போனவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்தபின் அமெரிக்கா சென்றவர். லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழுவிலிருந்து வந்தவையே அமினாப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்காக எடுத்தாளப்பட்ட அம்மருந்துக் குடும்பம் 1951-இல் மூட்டுநோயாளிகளிடம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. கார்டிசோனின் ஒளியில் அது மங்கிப்போய், 1988-இல்தான் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கென அனுமதி பெற்றது. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து அதுவே. விலையும் மிகக் குறைவு. சுப்பாராவைப் பற்றி நாம் எழுதும் புகழுரைகளில் புற்றுநோய் வருகிறது, யானைக்கால் வருகிறது. டோம்பிவிலி மருந்துக்கடையில் வாரந்தோறும் அவரது மாத்திரையை வாங்கிச்செல்லும் பெண் வருவதில்லை.

வாரந்தோறும் என்று சொன்னது தற்செயலன்று. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே உண்ணப்படுவது. நாள்தோறும் உண்ணும் மாத்திரை எனத் தவறாகக் கொண்டு உயிரிழந்தோர் பல நாடுகளில் உண்டு. இந்நோயாளிகள் கூடும் இடங்களிலெல்லாம் முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று ‘உங்களுக்கு எந்தக் கிழமை?’ என்பது. வெளியாருக்குப் பொருள்படாத, உள்ளிருப்போரின் உயிரைக் காக்கும் கேள்வி அது.

கூடுதல் என்பதன் வரலாறு மருந்தின் வரலாற்றைவிடக் குட்டையானது. பிரிட்டனில் 1947-இல் தாமே மூட்டுநோயாளியான ஆர்தர் மெயின்வேரிங் போவன் என்னும் இளைஞர் தொடங்கிய சங்கம் நோயாளிகளுக்காக நோயாளிகளே நடத்திய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. 1979-இல் ஸ்டான்ஃபர்டில் கேட் லோரிக் என்னும் செவிலியர் மூட்டுநோயாளிகளுக்கான தற்பேணல் வகுப்பைத் தொடங்கினார். வகுப்பை நடத்தியோர் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பொதுமக்கள். அவர்களுட் பலர் தாமும் மூட்டுநோயுற்றவர்கள். வகுப்புக்கு வந்தோரின் வலி குறைந்தது. உடற்பயிற்சியைப் பழகிக்கொண்டதால் குறைந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தனர். தரவுகளில் அத்தொடர்பு மெலிதாகவே இருந்தது. நோயின்மீது தமக்கும் ஓரளவு பிடி உண்டு என்ற நம்பிக்கை கூடியவர்களிடமே மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. தன்னைப்போன்ற இன்னொருத்தி எழுந்து நின்று வகுப்பெடுப்பதைப் பார்ப்பதற்கு அந்நம்பிக்கையில் பெரும்பங்கு உண்டு என்பது என் வாசிப்பு.

இன்னும் கூர்மையான நிகழ்வு 2002-இல் நடந்தது. மூட்டுநோய் ஆய்வுகளில் எதை அளப்பது என்று முடிவுசெய்ய 1992 முதல் கூடிவந்த ஓமெராக்ட் என்னும் பன்னாட்டு மாநாடு, அவ்வாண்டு ஆஸ்திரேலியாவில் முதன்முறையாக நோயாளிகளையும் பங்கேற்பாளர்களாக அழைத்தது. அதுவரை அளக்கப்பட்டவை வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, வலி, ரத்தச் சோதனை, செயல்திறன் முதலியன. நோயாளிகளோ தம்மை மிக வருத்துவது சோர்வு என்றனர். பல்லாண்டு நடந்த ஆய்வுகளின் பட்டியலில் அது இல்லை. அடுத்த சில ஆண்டுகளிலேயே, முடக்குவாத மருந்தாய்வுகளில் சோர்வையும் அளக்கவேண்டும் என்று அம்மாநாடு பரிந்துரைத்தது. பத்து மருத்துவர்கள் பத்து அறைகளில் தனித்தனியே கேட்ட ‘உடம்பு அசதியா இருக்கு டாக்டர்’ என்பது குறிப்பேட்டின் ஓரத்தில் நின்றுபோயிற்று. நோயாளிகள் ஒரே அறையில் அமர்ந்து சொன்னபோது அது அளவுகோலாயிற்று.

இவ்விடத்தில் தமிழைப்பற்றி ஒரு சொல். ஆங்கிலச் சொல் ஒன்றாக இருக்கும் இடத்தில் நம்மிடம் களைப்பு, அலுப்பு, சோர்வு, அயர்ச்சி, அசதி எனப் பல உண்டு. உழைத்ததால் வருவது களைப்பு. உறங்கினால் நீங்குவது அலுப்பு. உழைக்காமலே வந்து உறங்கினாலும் நீங்காததை அசதி என்கிறோம். அம்மாநாட்டில் நோயாளிகள் சுட்டியது அசதியைத்தான். வலிக்கும் அவ்வாறே: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, விறைப்பு, தெறிப்பு. ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல் எழுபத்தெட்டு ஆங்கிலச் சொற்களால் அமைந்தது. நோயாளிகள் தம் வலியைச் சொல்லும் சொற்களே சான்று என்ற துணிவு அதன் அடித்தளம். மும்பை மருத்துவமனையிலோ தமிழ்ப் பெண்ணின் உளைச்சலும் கடுப்பும் இந்தி வழியாக ‘தர்த்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கி, பிறகு பூச்சியத்திலிருந்து பத்துவரையிலான ஓர் எண்ணாக மாறுகின்றன. மொழியியல் மாணவர் எவரேனும் இதை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

அளவுகோல்களின் உள்ளூர்த்தன்மை குறித்து இன்னொன்று. ஸ்டான்ஃபர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழு 1980-இல் வெளியிட்ட உடல்நல மதிப்பீட்டு வினாப்பட்டியல், இறைச்சியை வெட்ட முடிகிறதா, புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறக்க முடிகிறதா, தொட்டியில் குளிக்க முடிகிறதா என்று கேட்டது. டெல்லியில் உருவாகி 2002-இல் வெளியான இந்திய வடிவம், சம்மணமிட்டு உட்காருதல், கழிப்பறையில் குந்துதல், ஆட்டோவில் ஏறி இறங்குதல், காய்கறிச் சந்தைக்குப் போய்வருதல் எனக் கேள்விகளை மாற்றியது. நல்ல மாற்றம். முறுக்கு பிழிதல், ஈரத்துணி முறுக்குதல், குக்கர் மூடியைத் திருகுதல், கோலப்பொடியை இரு விரலிடையே பிடித்தல் ஆகியவற்றையும் சேர்த்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. டோம்பிவிலியில் காலை எட்டு மணி விரைவு ரயிலுக்குள் ஏற முடிகிறதா என்ற கேள்வி எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்லாமல் டோம்பிவிலியில் எந்த நோயின் வரலாற்றையும் எழுத இயலாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை ஏற ஏறத் தமிழ் நடுத்தரக் குடும்பங்கள் மத்திய ரயில் பாதையின் வழியே முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்தன. அலுவலகமும் பெரிய மருத்துவமனைகளும் நகரிலேயே நின்றன. சயான் மருத்துவமனைக்கோ பரேலின் கே.ஈ.எம்.முக்கோ போவதென்றால் ரயில்தான். முடக்குவாதத்தின் தனிக்குறி காலை விறைப்பு. 1987-இல் அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரி வகுத்த அளவீடுகளில், குறைந்தது ஒருமணி நேரம் நீடிக்கும் காலை விறைப்பு முதலாவதாக நின்றது. 2010-இன் புதிய அளவீடுகளில் அது இடம்பெறவில்லை. நோயைத் தொடக்கத்திலேயே பிரித்தறிய மூட்டு எண்ணிக்கையும் ரத்தச் சோதனைகளும் மேலும் உதவுகின்றன என்பது காரணம். மருத்துவ நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் எட்டு மணி ரயிலுக்காக ஐந்து மணிக்கே எழுந்து, விரல்களை வெந்நீரில் ஊறவைத்து, அவை இளகும்வரை காத்திருக்கும் பெண்ணுக்கு அந்நோயென்றால் அந்த ஒருமணி நேரம்தான்.

பெண்கள் பெட்டியே ஒருவகைக் கூட்டமைப்பு. அங்கே காய் நறுக்கப்படுகிறது, சீட்டுப் பணம் கைமாறுகிறது, பஜனை பாடப்படுகிறது, மாமியாரும் மருத்துவரும் சம அளவில் அலசப்படுகின்றனர். ஒருத்தி கைப்பிடியைப் பிடிக்கும் விதத்தைக் கொண்டே இன்னொருத்தி அவளது நோயைக் கண்டுகொள்வது அங்கு வியப்பில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப்பெட்டி உண்டு. ஆனால் அதில் ஏற சான்றிதழ் வேண்டும். பார்வைக்கு நலமாகத் தெரியும் பெண் அங்கே ஏறினால் கேள்விகள் எழும். பெண்கள் பெட்டியிலோ அமர்ந்திருக்கும் இளம்பெண் எழ மனமின்றி இவளது முகத்தைப் பார்ப்பாள், முகத்தில் ஒன்றுமிராது.

2020 மார்ச் 22 இரவுக்குப் பிறகு அந்த ரயில்கள் பொதுமக்களுக்கு நின்றன. பெண்கள் பொதுவாக ஏற அனுமதி கிடைத்தது அக்டோபர் 21-இல். எல்லோருக்கும் 2021 பிப்ரவரி 1-இல், அதுவும் நேரக்கட்டுப்பாட்டுடன். ரயில் நின்ற அதே வாரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கொரோனாத் தொற்றைத் தடுக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்சிகுளோரோகுவினை உட்கொள்ளலாம் என்று அறிவுறுத்தியது. மலேரியா மருந்தாகப் பிறந்து, பல பத்தாண்டுகளாக முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் பயன்பட்டுவந்த மாத்திரை அது. ஓரிரு நாட்களில் மருந்துக்கடைகளில் இருப்புத் தீர்ந்தது. வாங்கியோருட் பெரும்பாலோர் அந்நோயாளிகள் அல்லர். மார்ச் 25-இல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. 26-இல் மருந்துச்சீட்டின்றி விற்கக்கூடாத எச்1 பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்க அதிபரின் வெளிப்படையான அழுத்தத்துக்குப்பின் ஏற்றுமதித்தடை தளர்ந்தது. அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்டுவந்தவர்கள் தமக்கு ஒரு பட்டை கிடைக்குமா என்று தேடி அலைந்தனர்.

அலைந்தவர்களுக்கு உதவியது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அவர்களேதாம். எந்தக் கடையில் இருப்பு உள்ளது, யாரிடம் இரண்டு பட்டை கூடுதலாக இருக்கிறது, ஒருவேளை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று மருத்துவரிடம் கேட்டு மற்றவர்க்கும் சொல்வது: இந்தச் சிறுசெய்திகளின் வலை அக்காலத்தில் இந்தியா முழுவதும் நாளேடுகளில் பதிவானது. கொரோனாவும் மூட்டுநோய்களும் குறித்த தரவுகளைத் தொகுக்க அதே மார்ச்சில் உருவான பன்னாட்டு மருத்துவர் கூட்டணியிலும் நோயாளிகள் தொடக்கமுதல் இடம்பெற்றனர். தனியராக இருந்தவர்களுக்குத் தட்டுப்பாடு ஒரு மருந்துக்கடைக்காரரின் கைவிரிப்பாக மட்டுமே தெரிந்தது. சேர்ந்திருந்தவர்களுக்கு அது ஓர் அரசாணையின் விளைவு என்பது தெரிந்தது.

இக்கூட்டங்களைப் புனிதப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. முடக்கறுத்தான் கீரைத் தோசையிலிருந்து பெயரில்லாப் பொடிவரை எல்லாமும் அங்கே பரிந்துரைக்கப்படுகின்றன. கீரை கேடில்லை, பெயரில்லாப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பது மூட்டுநோய் மருத்துவர்கள் நெடுநாளாக எச்சரித்துவருவது. மொழி, கல்வி, கைப்பேசி, ஓய்வுநேரம் ஆகியவை உடையோரே மிகுதியாகப் பேசுகின்றனர். தாராவியில் நாள்முழுதும் அப்பளம் இடும் பெண்ணின் மணிக்கட்டும் இதே நோயால் வீங்கலாம். அவர் எந்தக் கூட்டத்திலும் இல்லை. நாட்கூலிக்கு வருபவராயின் வேலைக்கே வராதவராக மட்டுமே பதிவாகிறார். உயிரியல் மருந்துகளின் கதையும் இதுவே. 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் அடாலிமுமாப்பின் உலகின் முதல் ஒப்புருவை இந்தியாவில் வெளியிட்டபோது மூல மருந்தின் விலையில் ஐந்திலொரு பங்கு என்று அறிவித்தது. அந்த ஐந்திலொரு பங்கும் தாராவிக்கு எட்டாதது. அத்தோடு, இவ்வகை மருந்து உடலில் உறங்கும் காசநோயை எழுப்பக்கூடியது. ஊசிக்குமுன் காசநோய்ச் சோதனை கட்டாயம். காசநோய் மலிந்த மும்பையில் இது வெறும் சடங்கன்று.

இனி சட்டம். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. தொழுநோயிலிருந்து மீண்டோர் அவற்றுள் ஒரு வகையினர். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெண்ணிக்கையை இருபத்தொன்றாக உயர்த்தியது. புதிதாக வந்தவற்றுள் ஹீமோஃபீலியா உண்டு. அந்நோயுற்ற அசோக் பகதூர் வர்மா 1983-இலேயே அதற்கெனக் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உண்டு. அதற்கான இந்தியச் சங்கம் 1985-இல் மும்பையில் ஒரு நோயாளியின் முயற்சியால் பிறந்தது. தலசீமியா உண்டு, அதன் பெற்றோர் சங்கங்கள் பழமையானவை. முடக்குவாதம் பெயரளவில் இல்லை. மல்டிபிள் ஸ்கிளரோசிஸைவிட இந்தியாவில் பன்மடங்கு மிகுதியாகக் காணப்படும் நோய், அதைப்போலவே பெண்களை மிகுதியாகத் தாக்கும் நோய், பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. சங்கம் இருந்ததால் மட்டுமே ஒரு நோய் பட்டியலேறியது என்று நான் வாதிடவில்லை; சட்ட வரைவின் பின்னால் வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் இவ்வொற்றுமை தற்செயல் என்று கடந்துபோக ஒரு வரலாற்று மாணவனால் இயலாது.

பட்டியலில் பெயரில்லாத முடக்குவாதக்காரர், அசைவுக் குறைபாடு என்னும் பொதுத்தலைப்பின்கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்கு மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசையின் வலு எவ்வளவு என்று மருத்துவக் குழு அளக்கும். நிலையான குறைபாடு நாற்பது விழுக்காட்டை எட்டவேண்டும். முடக்குவாதமோ ஏறி இறங்கும் நோய். அளக்கும் நாளில் கை நன்றாக மடங்கினால் விழுக்காடு குறைகிறது. மருந்து நன்கு வேலை செய்தாலும் குறைகிறது. குழு கூடுவது பெரும்பாலும் முற்பகல் பதினொரு மணிக்குமேல். விறைப்பு அதற்குள் இளகிவிடுகிறது.